கூரை வெட்டிய ‘ஸ்போர்ட்ஸ்’ கார் வாங்கலாமா? உவரி வாலிபர்களே, உஷார்!

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். மேல்கூரையை எடுத்தாச்சு. ரெண்டே சீட்டு. ரத்தச் சிவப்பு பெயிண்டு. அகல டயர். ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும் சைலன்சர். விலை பேசிக்கலாம்!

செல்போனில் இப்படி ஒரு படம் வந்து விழுந்தால், 22 வயசு வாலிபருக்கு அன்று ராத்திரி தூக்கம் வருமா? வராது.

உவரியில் அப்படி ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நாலைந்து வருஷம் கடலிலோ, கப்பலிலோ, வளைகுடா நாட்டிலோ பாடுபட்டு 3 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ‘இந்த வயசுல ஓட்டாம எந்த வயசுல ஓட்டுறது?’ என்பது அவருடைய கேள்வி.

வீட்டில் வேறு கேள்வி. ‘ஏல, பைபர் படகுல பங்கு போடுன்னா, பழைய காருல கொண்டு போடுதேன்னு சொல்லுதியே!’ என்பார் அப்பா. ‘தங்கச்சிக்கு வயசு ஏறுதே மக்கா, அதை நெனச்சியா?’ என்பாள் அம்மா.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வது சரி? காரையும் அதன் ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சென்னையில் செய்த கார்

ஹெரால்டு ஒன்றும் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய கார் அல்ல. இங்கிலாந்தின் ‘டிரையம்ப்’ கம்பெனி 1959-ல் வெளியிட்ட காரை, சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961-ல் இந்தியக் காராக்கிவிட்டது. வடிவம் போட்டவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலிக்காரர்.

முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறக்கும். அந்தக் காலத்து டாக்டர், வக்கீல் வீட்டு வாசலில் இந்தக் கார் நின்றால் தெருப் பையன்கள் கூடி விடுவார்கள்.

இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் 1962-ல் ‘ஸ்பிட்பயர்’ என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை டிரையம்ப் கம்பெனி செய்தது. ‘ஹெரால்டும் ஸ்போர்ட்ஸ் காரும் அண்ணன் தம்பி’ என்று புரோக்கர்கள் அளப்பது இதனால்தான். அண்ணன் தம்பி என்பது உண்மை. ஆனால் இந்திய ஹெரால்டின் இன்ஜின் வெறும் 948 சி.சி.தான். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் சின்னக் கார்களின் இன்ஜின் அளவு!

ஆக, வாலிபர் கொடுக்கப்போகும் காசு வேகத்துக்கு அல்ல, தோற்றத்துக்கும் சத்தத்துக்கும்.

1972-ல் இதே இன்ஜினோடு ‘கெஸல்’ என்ற கார் வந்தது. பிறகு 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ வந்தது. அது கையைக் கடித்துவிட்டது. 1980-களின் கடைசியில் தொழிற்சாலையே மூடப்பட்டது. ஆகவே ஹெரால்டுக்கு இன்று கம்பெனி இல்லை, டீலர் இல்லை, கியாரண்டியும் இல்லை. ஒரு சாமான் வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடை, தெரிந்த மெக்கானிக், வெளிநாட்டுப் பார்சல் – இந்த மூன்றுதான் வழி.

தீப்பெட்டிக் கணக்கு

‘கூரையை வெட்டினா என்னவே? மழைக்கு நனையும், அவ்வளவுதானே!’ என்று நினைக்கக் கூடாது. எந்தக் காரின் கூரை என்பது முக்கியம்.

ஹெரால்டுக்குக் கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம் உண்டு. பாடியை அதன் மேல் போல்ட்டு போட்டு உட்கார வைத்திருப்பார்கள். கூரை இல்லாவிட்டாலும் சட்டம் பாரத்தைத் தாங்கும். டிரையம்ப் கம்பெனியே 1960-ல் கூரையைத் திறந்து மூடும் ஹெரால்டை விற்றது.

பிரிமியர் பத்மினி, கான்டெஸா கதை வேறு. இவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். ஒரு தீப்பெட்டியை எடுத்து மேல் அட்டையைக் கிழித்துவிட்டு, பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். மடங்கிப்போகும். கூரை வெட்டிய பத்மினியும் அதே கணக்குத்தான். நடுவில் தொய்யும். கதவு சரியாக மூடாது. மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

கதவைத் திறந்து மூடிப் பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். கதவு எங்கேயாவது உரசினால் நடையைக் கட்டலாம்!

சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது?

இனிதான் முக்கியமான கட்டம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு கொடுத்தது. கேரளாவிலிருந்து போன வழக்கு. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் இருவரும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பு.

அதன் சாரம் இது:- வண்டியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த விவரம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அந்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத்தான் சொல்லுகிறது.

எல்லா மாற்றத்துக்கும் தடையா? இல்லை. பழைய இன்ஜின் போய்விட்டால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு அதே வகை இன்ஜினை மாற்றலாம். அங்கீகாரம் பெற்ற கியாஸ் கிட் வைக்கலாம். பெயிண்டு மாற்றினால் அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆனால் கூரையை அறுப்பது, நாலு சீட்டை ரெண்டாக்குவது, வேறு கம்பெனி இன்ஜினைத் தூக்கி உள்ளே வைப்பது எல்லாம் வண்டியின் அடிப்படையையே மாற்றும் வேலை.

2019-ல் திருத்திய சட்டப்படி இதற்குத் தண்டனை 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கூரை ஒன்று, இன்ஜின் ஒன்று, சீட்டு ஒன்று என்று எண்ணினால் 15 ஆயிரம்.

‘நான் வெட்டலையே, வாங்கினவன்தானே’ என்று சொல்லிப் பயன் இல்லை. ரோட்டில் வண்டி நிற்கும்போது போலீசாரும் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரும் கேள்வி கேட்பது இப்போது வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான்.

உறுமும் சைலன்சருக்குத் தனிக் கணக்கு. சத்தம், புகை வரம்பை மீறினால் சட்டம் சொல்லும் மேல்வரம்பு 10 ஆயிரம் ரூபாய். 3 மாதம் லைசென்சும் போகலாம்.

இது காருக்கு மட்டுமல்ல. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 மோட்டார் சைக்கிளை வாங்கி, சைலன்சரைக் கழற்றி, பின்பக்கத்தை அறுத்து ஓட்டும் வாலிபர்களுக்கும் இதே சட்டம்தான்.

இரண்டு வாசலும் மூடியாச்சு

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பழைய கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்களுக்காக மத்திய அரசு 2021 ஜூலையில் ஒரு சலுகை விதி கொண்டு வந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய வண்டி ‘விண்டேஜ்’ வண்டி. அதற்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். மறுபதிவுக்கு 5 ஆயிரம்.

ஹெரால்டு கார்கள் எல்லாமே இன்று 50 வயசு தாண்டியவை. ஆகவே சலுகை கிடைக்குமா?

கிடைக்கும், கார் பழையபடியே முழுசாக இருந்தால்! அசல் வடிவத்தில் பராமரித்திருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது விதி. கூரை வெட்டிய காருக்கு அந்த வாசல் மூடிவிட்டது.

சாதாரணக் காராக ஓட்டலாமா? 15 வருஷம் தாண்டிய சொந்த உபயோகக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணம் 2025-ல் 10 ஆயிரம் ரூபாயாக ஏற்றப்பட்டது. பசுமை வரி தனி. பணம் கட்டினால் மட்டும் போதாது. வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். புத்தகத்தில் நாலு சீட்டு, கண்ணெதிரே ரெண்டு சீட்டு என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாசலும் மூடியாச்சு!

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். ‘வி.ஏ.’ நம்பர் வாங்கினாலும் தினசரி கடைக்கும் வேலைக்கும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டு போவது போன்ற காரியங்களுக்குத்தான் அனுமதி.

மோதிவிட்டால்?

அபராதம் கட்டிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

உவரியிலிருந்து ஒரு பக்கம் கூடங்குளம், கன்னியாகுமரி. மறுபக்கம் பெரியதாழை, மணப்பாடு, திருச்செந்தூர். ரோடு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ரோட்டில் ஆடும் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள், மீன் கூடையோடு டி.வி.எஸ். பிப்டியும் வரும்.

யார் மேலாவது கார் மோதிவிட்டால் நஷ்டஈடு யார் கொடுப்பது? இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனால் வண்டியை மாற்றியதை மறைத்து இன்சூரன்ஸ் போட்டிருந்தால், சொந்தக் கார் சேதத்துக்குப் பணம் தர அவர்கள் மறுக்கலாம். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக் கொள்ளலாம் என்று கோர்ட்டுகள் உத்தரவு போட்டதும் உண்டு.

அப்போது போவது 3 லட்சத்துக் கார் மட்டுமல்ல. அப்பா கட்டிய வீட்டுக்கும் ஆபத்து வரும்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. சாவியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இருக்கக் கூடாது. ஆர்.சி.யில் பேர் யாருடையதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது. இருந்தும் புத்தகத்தில் பேர் இருந்தவர்தான் மாட்டினார்.

வளைவில் வரும் வினை

ஹெரால்டின் பின்சக்கர அமைப்பில் ஒரு குணம் உண்டு. வேகமாக வளைவில் திருப்பி, பயந்துபோய் ஆக்சிலேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்சக்கரம் உள்பக்கமாக மடிந்து கார் பின்னால் வீசிவிடும்.

இதே மாதிரி பின்சக்கர அமைப்புக் கொண்ட ‘கார்வேர்’ என்ற அமெரிக்கக் காரைப் பற்றி ரால்ப் நேடர் என்ற வக்கீல் 1965-ல் புத்தகமே எழுதினார். அமெரிக்காவே அதிர்ந்தது. டிரையம்ப் கம்பெனியும் 1970-ல் புது ஸ்பிட்பயரில் இந்தக் கோளாறைச் சரிக்கட்டியது. இந்தியாவில் 1972 கெஸலில் பின்பக்க அமைப்பையே மாற்றிவிட்டார்கள்.

செய்த கம்பெனியே திருத்திய வண்டியில், லோக்கல் பட்டறையில் இன்னும் பெரிய இன்ஜினை வைத்து, பிரேக்கை மட்டும் பழசாகவே விட்டால்? 22 வயசு கால் அதை எங்கே கொண்டு போய் நிறுத்தும்?

உப்புக்காத்து சும்மா விடுமா?

உவரிக்காரருக்கு உப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போய் வந்த மோட்டாரை நல்ல தண்ணியில் கழுவாவிட்டால் என்ன கதி ஆகும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும்.

50 வருஷத்து இரும்புக் காரும் அப்படித்தான். அதிலும் ஹெரால்டின் அடிச்சட்டம் பெட்டி மாதிரி உள்ளே கூடானது. ஈரக்காத்து உள்ளே புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். மேலே பளபளவென்று பெயிண்டு, கீழே அப்பளம்!

கூரை இல்லாத கார் என்றால் தரைக்கும் சேர்த்து உப்பு. கொட்டகை இல்லாமல் கடற்கரைத் தெருவில் நிறுத்தினால் ஒரே மழைக்காலம் போதும்.

இன்னொன்று. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய காரின் ரப்பர் குழாய்களைத் தின்னும். தண்ணீரை இழுத்து டேங்கில் துரு ஏற்றும். குழாய், வாஷர் எல்லாம் மாற்றாமல் ஓட்டினால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

காந்தத்தோடு போங்க!

காரைப் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் போட்டுக் கொள்ளுங்கள். துணி சுற்றி, பாடியில் அங்கங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் விழுந்தால் அங்கே பட்டி போட்டு மெழுகியிருக்கிறார்கள், அல்லது பைபர் வைத்து மூடியிருக்கிறார்கள்.

உவரிப் பக்கம் பைபர் படகு ரிப்பேர் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒரு அண்ணாச்சியைக் கூட அழைத்துப் போனால், எங்கே ஒட்டு, எங்கே பழசு என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் போதும், லட்சம் மிச்சம்!

பகலில் பாருங்கள். மழையிலும் ராத்திரியிலும் பார்க்க வேண்டாம். காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு காகிதம். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் நீங்களே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நம்பர் பட்டையில் புதுசாக அரத்தால் ராவிய தடம் தெரிந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். உடனே கிளம்பிவிடுங்கள்.

அந்தப் பழைய நம்பர் ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டால் 30 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற மனுப்போட வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

‘பேர் மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி’ என்று புரோக்கர் சொன்னால், அந்த ஒரு வார்த்தை போதும். எழுந்து வந்துவிடுங்கள்.

கடன் வாங்கியா கார்?

50 வருஷத்துக் காருக்கு பாங்கில் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. கையில் 3 லட்சம் இருக்கிறது, இன்னும் ஒன்று வேண்டும் என்றால் வாலிபர் எங்கே போவார்? வட்டிக்காரரிடம் போவார்.

2017 அக்டோபர் 23-ந் தேதி நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஜில்லா மறக்கவில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருந்தும் நடந்த கொடுமை அது. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வாங்கவே பயப்பட வேண்டிய கடனை, சைலன்சர் சத்தத்துக்காக வாங்குவதா?

கணக்கு சுலபம். கையில் உள்ள பணத்தில் பாதிக்குத்தான் கார். மறுபாதி ரிப்பேருக்கு. அதற்குள் முடியாவிட்டால் அந்தக் கார் இப்போதைக்கு நமக்கு இல்லை.

அப்போ வாங்கவே கூடாதா?

யார் சொன்னது? தாராளமாக வாங்கலாம். சின்ன வயசில் வாங்குவதில் லாபமும் உண்டு. நேரம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கப் பழகினால் அது ஒரு தொழில். கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் மரியாதை உண்டு.

ஆனால் வெட்டாத காரை வாங்குங்கள். பெயிண்டு மங்கியிருந்தாலும் பரவாயில்லை, சீட்டு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கூரை இருக்க வேண்டும், அசல் இன்ஜின் இருக்க வேண்டும், நம்பர் பொருந்த வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு சட்டத்தில் இடம் உண்டு. பழைய கார் பிரியர்களிடம் மதிப்பும் உண்டு.

‘எனக்கு வேகம்தான் வேணும்’ என்கிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்த காலம் உண்டு. மாற்றி அமைத்த கார்கள் சீறிப் பாய்ந்த இடம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் அமைத்தது. கோவையில் 2003 முதல் காரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. ஹெல்மெட் போட்டு, ஆம்புலன்ஸ் நிற்க, ஆடு மாடு குறுக்கே வராத தளத்தில் ஓட்டட்டும். அந்தோணியார் கோவில் திருவிழாக் கூட்டத்துக்குள் வந்து உறும வேண்டாம்.

ஏற்கெனவே வெட்டிய காரை வாங்கித் தவிப்பவர்கள் என்ன செய்வது? பழைய கூரை, அசல் சாமான் கிடைத்தால் திரும்பப் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி சரிசெய்யப் பாருங்கள். அதுவரை வண்டி கொட்டகையை விட்டு வெளியே வராமல் இருப்பது நல்லது.

சிவப்புக் கார் படம் செல்போனில் வந்து நிற்கிறதா? அட்வான்ஸ் அனுப்புமுன் ஒரே ஒரு பதில் போடுங்கள்: ‘ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்புங்க அண்ணே.’

புத்தகம் வந்தால் மேலே பேசலாம். வேறு பேச்சு வந்தால் விட்டுவிடலாம்.